சுவிட்சுக்குள் இரண்டு விளக்குகள்

மணல்மேடுகளில் ஓட்டுவதற்கென்று தயார் செய்யப்படும் நாற்சக்கர இயக்க வண்டியின் டாஷ்போர்டில், கூடுதலாகப் பொருத்தப்படும் ஒளிரும் சுவிட்சு ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு சிறு விளக்குகள் இருக்கின்றன. மேலே இருப்பது, வண்டியின் பார்க்கிங் விளக்கு போடப்பட்டவுடன் தானும் எரிந்து, இருட்டில் சுவிட்சு எங்கே இருக்கிறது என்பதை விரலுக்குக் காட்டுவது. கீழே இருப்பது, அந்தச் சுவிட்சினால் இயங்கும் கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் எரிந்து, அது ஓடுகிறது என்பதைக் கண்ணுக்குச் சொல்வது. முன்னதை இடங்காட்டும் விளக்கு என்றும் பின்னதை நிலைகாட்டும் விளக்கு என்றும் இங்கே குறிப்பிடலாம். இரண்டும் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குதான். வண்டியில் மிகக் குறைந்த மின்சாரம் ஓடும் கம்பிகளுள் இவற்றுக்குப் போகிறவையும் அடங்கும். ஆயினும் 1993 முதல் பதினாறு ஆண்டுகள் அல் கோபாரில் வாகன மின்பணியாளராக இருந்த இக்கட்டுரையாளரின் நினைவில், மிகுந்த யோசனையைக் கேட்டவையும், ஒருமுறை பெருந்தவறுக்கு இடமளித்தவையும் இந்த மெல்லிய கம்பிகள்தாம்.

அல் கோபார் சவூதி அரேபியாவின் கிழக்கு மாகாணத்தில், வளைகுடாக் கடலை ஒட்டி அமைந்த ஊர். 1938ஆம் ஆண்டு மார்ச் மாதம் தம்மாம் ஏழாம் எண் கிணற்றில் வணிக அளவில் எண்ணெய் கண்டறியப்பட்ட பிறகு, பக்கத்தில் உள்ள தஹ்ரானுடனும் தம்மாமுடனும் சேர்ந்து வளர்ந்து, இன்று மூன்றும் ஒரே நகரம்போல் ஒட்டிக் கிடக்கின்றன. 1986இல் திறக்கப்பட்ட, இருபத்தைந்து கிலோமீட்டர் நீளமுள்ள மன்னர் ஃபஹ்து கடற்பாலம் இங்கிருந்துதான் பஹ்ரைனுக்குப் போகிறது. கடற்கரைச் சாலையை விட்டுச் சிறிது விலகினால், சப்கா என்று அரபியில் வழங்கும் உப்புத்தளம் வெண்மையாக விரியும். மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும் அந்தத் தளத்தின் அடியில் ஈரச்சேறு இருப்பதால், அறியாமல் ஏறிய வண்டி அச்சுவரை இறங்கிவிடும். தெற்கே, அரைவட்டமாக நிலத்துக்குள் புகுந்திருக்கும் ஹாஃப் மூன் பே கடற்கரையை ஒட்டி மணல்மேடுகள் தொடங்குகின்றன. குளிர்காலம் வந்துவிட்டால் உள்ளூர்க் குடும்பங்கள் கூடாரமும் விறகும் ஏற்றிக்கொண்டு கஷ்தா என்னும் பாலைவன உலாவுக்குக் கிளம்புவதும், இளைஞர்கள் மணல்மேட்டின் விளிம்பில் வண்டியை ஏற்றி இறக்கி விளையாடுவதும் அங்கே ஆண்டுதோறும் நடப்பவை. 2013ஆம் ஆண்டு வரை அந்நாட்டில் வார விடுமுறை வியாழனும் வெள்ளியுமாக இருந்தமையால், துக்பா பகுதியில் வாகனப் பட்டறைகள் நெருங்கியிருந்த தெருக்களில், புதன்கிழமை மாலை என்பது தீபாவளிக்கு முந்தின நாள் தையற்கடைபோல இருக்கும்.

கட்டுரையாளர் தஹ்ரான் விமான நிலையத்தில் வந்திறங்கியபோது அவரிடம் இருந்தவை திருநெல்வேலியில் பெற்ற ஐ.டி.ஐ. சான்றிதழும், லாரிகளின் டைனமோ வேலையில் நான்கு ஆண்டுப் பழக்கமும் மட்டுமே. அவரைப் பணியில் எடுத்துக்கொண்ட பட்டறையில் மின்பகுதிக்குத் தலைமையாக இருந்தவர் காயல்பட்டினத்துக்காரர். அவ்வூர் வழக்கப்படி அண்ணனைக் குறிக்கும் ‘காக்கா’ என்ற சொல்லால்தான் தமிழர் அனைவரும் அவரை அழைத்தார்கள். மலையாளிகளும் அப்படியே அழைத்தார்கள். வண்டி கொண்டுவரும் சவூதிகளுக்கு அவர் ‘முஹந்திஸ்’, அதாவது எஞ்சினியர். பள்ளியில் எட்டாம் வகுப்போடு நின்றவரை அப்படி அழைத்ததில் முகமன் எதுவும் இருந்ததாகக் கட்டுரையாளருக்கு என்றும் தோன்றியதில்லை. பழைய ஸ்குரூடிரைவர் கைப்பிடிக்குள் ஒரு சிறிய பல்பை வைத்து, ஒரு முனையில் கூர்மையான ஆணியும் மறுமுனையில் ஒயரும் கிளிப்புமாக அவரே செய்துகொண்ட டெஸ்ட் லேம்ப், அதாவது கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்று குத்திப் பார்க்கும் விளக்கு, எப்போதும் அவருடைய சட்டைப் பையில் இருக்கும். அந்த ஆணியின் முனை தேய்ந்து தேய்ந்து, நடுவில் உள்ளதைவிடப் பாதிக் கனமாகிவிட்டிருந்தது.

அக்காலத்தில் வந்த வண்டிகளில் பெரும்பாலானவை டொயோட்டா லேண்ட் குரூஸரின் 80 வரிசையும், நிஸான் பேட்ரோலும், ‘ஷாஸ்’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட லேண்ட் குரூஸர் பிக்கப்பும்தான். உரிமையாளர்கள் கேட்ட சேர்க்கைகளும் ஏறத்தாழ ஒன்றேதான்: முன்புறம் இரண்டு கஷ்ஷாஃப், அதாவது தூர வெளிச்சம் தரும் கூடுதல் விளக்குகள், பின்புறம் கூடாரம் அடிக்க ஒரு வேலைவிளக்கு, மணலில் இறங்குமுன் குறைத்த டயர்க் காற்றைத் திரும்பும்போது நிரப்ப ஒரு கம்பிரசர், வசதி உள்ளவர்களுக்கு, ஒரே அச்சில் உள்ள இரு சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டும் டிஃபரன்ஷியல் லாக். கம்பிரசரின் காற்றழுத்தத்தால் இயங்கும் இந்த லாக்குக்குப் பேர்பெற்ற ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. நிறுவனம் வகுத்த மின்னிணைப்பு முறை பாடமாகப் படிக்கத் தக்கது. கம்பிரசரின் சுவிட்சிலிருந்துதான் பின்அச்சு லாக்கின் சுவிட்சுக்கு மின்சாரம் போகும். அதிலிருந்துதான் முன்அச்சு லாக்குக்குப் போகும். ஆகவே காற்று இல்லாமல் பின்லாக்கைப் போடவும் முடியாது, பின்லாக் இல்லாமல் முன்லாக்கைப் போடவும் முடியாது. ஓட்டுபவர் பதற்றத்தில் எந்தச் சுவிட்சைத் தட்டினாலும், கம்பியின் வரிசையே தவற்றைத் தடுத்துவிடும்.

சுவிட்சு நேரடியாக விளக்கை எரிப்பதில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். நூறு வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டு எரிய ஏறத்தாழ பதினேழு ஆம்பியர் தேவை. பாட்டரியிலிருந்து டாஷ்போர்டுக்கு வந்து மீண்டும் முன்பக்கம் போகும் ஐந்து மீட்டர் தூரத்துக்கு, ஒரு சதுர மில்லிமீட்டர் கனமுள்ள சாதாரண ஒயரை இழுத்தால், அந்த ஒயரே ஒன்றரை வோல்ட்டைத் தின்றுவிடும். ஹாலஜன் விளக்குக்குப் போகும் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் பத்தில் மூன்று பங்கு குறையும் என்பதால், விலையுயர்ந்த விளக்கை வாங்கி மெல்லிய ஒயரில் கட்டியவர்கள் செலவழித்த பணத்துக்கு மஞ்சள் வெளிச்சத்தைத்தான் பெற்றார்கள். இதற்காகவே ரிலே என்னும் கருவி இடையில் வருகிறது. ஒரு சிறு கம்பிச்சுருள் மின்காந்தமாகி, உள்ளே இருக்கும் கனமான தொடுமுனையை இழுத்து மூடும் அமைப்பு அது. சுருளுக்குத் தேவைப்படுவது ஓர் ஆம்பியரில் ஏழில் ஒரு பங்கு. அது மூடிவிடும் முனை வழியாக முப்பது ஆம்பியர்வரை போகும். ஆகையால் கனத்த ஒயர் எஞ்சின் அறைக்குள்ளேயே பாட்டரி, ஃபியூஸ், ரிலே, விளக்கு என்று குறுகிய வழியில் முடிந்துவிட, டாஷ்போர்டுக்கு ஒரு மெல்லிய ஒயர் மட்டும் போதும். ரிலேயின் கால்களில் பொறித்திருக்கும் 30, 85, 86, 87 என்ற எண்கள் ஜெர்மானியத் தரநிலையிலிருந்து வந்தவை; 30 பாட்டரியிலிருந்து வருவது, 87 விளக்குக்குப் போவது, மற்ற இரண்டும் சுருளின் முனைகள். தமிழும் அரபியும் உருதும் தகலோகும் பேசிய அந்தப் பட்டறையில் எல்லாருக்கும் பொதுவாக இருந்த மொழி இந்த நான்கு எண்கள்.

இனி அந்தச் சிறு விளக்குகளுக்கு வரலாம். டாஷ்போர்டில் வேகமானி, எரிபொருள்மானி முதலியவற்றை இரவில் ஒளிரச் செய்யும் பல்புகளின் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சிறு திருகு உண்டு. இதை டிம்மர் என்பார்கள். இந்த டிம்மர் பாசிட்டிவ் பக்கத்தில் இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அக்காலத்து டொயோட்டா வண்டிகள் பலவற்றிலோ அது எர்த் பக்கத்தில் இருந்தது. எர்த் என்பது மின்சாரம் தன் வேலையை முடித்துக்கொண்டு வண்டியின் உலோக உடல் வழியாகப் பாட்டரிக்குத் திரும்பும் பாதை. பார்க்கிங் விளக்கைப் போட்டதும் பச்சை ஒயரில் பன்னிரண்டு வோல்ட் வந்து, எல்லாப் பல்புகளிலும் ஏறி, வெள்ளையில் பச்சைக் கோடிட்ட இன்னொரு ஒயரில் ஒன்றுசேர்ந்து, டிம்மர் வழியாகவே உடலுக்கு இறங்கும். இது ஒரு முறை; குறை அல்ல. ஆனால் புதிதாக ஒரு சுவிட்சைச் சேர்ப்பவர் இதை அறிந்திருக்க வேண்டும். சுவிட்சின் இடங்காட்டும் விளக்குக்கு எர்த்தை நேராக உடலில் கொடுத்தால், மற்றப் பல்புகள் மங்கும்போது அது மட்டும் முழு வெளிச்சத்தில் எரிந்து கண்ணைக் குத்தும். மங்க வேண்டுமென்றால் எர்த்தை அந்த வெள்ளை-பச்சை ஒயரில்தான் கொடுக்க வேண்டும்.

1995ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு 80 வரிசை லேண்ட் குரூஸருக்கு ஐந்து சுவிட்சுகளைப் பொருத்தியபோது, கட்டுரையாளர் அப்படித்தான் செய்தார். அந்தச் சுவிட்சுகளில் இரண்டு விளக்குகளுக்கும் சேர்த்து ஒரே எர்த் முனை இருந்தது. நிலைகாட்டும் விளக்கின் மறுமுனை சுவிட்சுக்குள்ளேயே ரிலேக்குப் போகும் முனையோடு சேர்ந்திருந்தது. பொது எர்த்தை வெள்ளை-பச்சை ஒயரில் இணைத்து, பட்டறையின் குழல்விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றையும் போட்டு அணைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. டிம்மரைத் திருப்பியபோது ஐந்து சுவிட்சுகளும் மானிகளோடு சேர்ந்து மங்கி ஏறியதைக் கண்டு அவருக்கு இருந்த மகிழ்ச்சியில், டிம்மர் முழுவதும் தணிந்திருக்கும் நிலையில் ரிலே எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சோதிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. உரிமையாளர் புதன்கிழமை இரவே வண்டியை எடுத்துச் சென்றார்.

சனிக்கிழமை காலை அவர் திரும்பி வந்தபோது கோபம் எதுவும் இல்லாமல், நடந்ததை வரிசையாகச் சொன்னார். மணலில் இரவில் ஓட்டுபவர்கள், முன்னால் உள்ள மேட்டின் விளிம்பு தெரிவதற்காக மானிகளின் வெளிச்சத்தை முழுவதும் தணித்துவிடுவது வழக்கம், அவரும் தணித்திருக்கிறார். கஷ்ஷாஃபைப் போட்டுக்கொண்டு மேடேறி உச்சிக்கு வந்தபோது, எதிர்ச்சரிவில் நண்பரின் வண்டி ஏறி வருவதைக் கண்டு, அவர் கண் கூசாமல் இருக்கச் சுவிட்சை அணைத்திருக்கிறார். விளக்கு அணையவில்லை. மறுபடி மறுபடி தட்டியும் அணையாததால், கடைசியில் எல்லா விளக்குகளையும் சேர்த்து நிறுத்த, இரு வண்டிகளுக்கும் நடுவில் சில நொடிகள் கும்மிருட்டு நிலவியிருக்கிறது. எதிரில் வந்தவர் நிதானமாக நிறுத்திவிட்டபடியால் யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. அந்தச் சில நொடிகளை, முப்பதாண்டு கழித்து இதை எழுதும்போதும், கட்டுரையாளரால் எளிதாகக் கடந்துவிட முடியவில்லை.

காரணத்தைக் காக்கா அரைமணி நேரத்தில் கண்டுபிடித்தார். ஒரு பழைய போர்வையைக் கண்ணாடிகள்மேல் விரித்து வண்டிக்குள் இருட்டாக்கிக்கொண்டு, டிம்மரை முழுவதும் தணித்து, அணைந்திருக்கும் சுவிட்சுகளை உற்றுப் பார்க்கச் சொன்னார். அணைந்திருக்க வேண்டிய நிலைகாட்டும் விளக்குகள் ஐந்தும், அடுப்பில் நீறு பூத்த கங்குபோல் சிவந்திருந்தன. டிம்மர் மூடியதால் உடலுக்கு இறங்க வழியில்லாத மின்சாரம், பொது எர்த் முனையிலிருந்து நிலைகாட்டும் விளக்குக்குள் பின்பக்கமாகப் புகுந்து, ரிலேயின் சுருள் வழியாகத் தனக்கொரு புதிய எர்த்தைத் தேடிக்கொண்டிருந்தது. இழைவிளக்குக்கு முன்பின் கிடையாது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் மின்சாரத்தை விடும். மீட்டரை வைத்துப் பார்த்தபோது சுருளில் ஏறத்தாழ ஐந்து வோல்ட் நின்றது. ஓய்ந்திருக்கும் ரிலேயை இழுக்க ஐந்து வோல்ட் போதாது. ஆனால் ஒருமுறை இழுத்து மூடியபின் காந்தத்துக்கும் தகட்டுக்கும் இடையில் வெளி இல்லாமற்போவதால், அதைப் பிடித்து வைத்திருக்க அதில் பாதியே போதும். சுவிட்சு போடுவதற்குப் பயன்பட்டது, அணைப்பதற்குப் பயன்படவில்லை. பட்டறை வெளிச்சத்தில், டிம்மர் திறந்திருந்த நிலையில், இது ஒருக்காலும் தெரிந்திருக்காது.

“எரிஞ்சாப் போதாது தம்பி, அணையணும். அணையிறதத்தான் நீ பாக்கல” என்று மட்டும் அவர் சொன்னார். உரிமையாளரின் முன்னால் அதைச் சொல்லவில்லை. அவர் தேநீர் குடிக்கப் போன பிறகு, குனிந்து ஒயரைப் பிரித்துக்கொண்டே, முகத்தைப் பாராமல் சொன்னார்.

அன்று செய்த மாற்றம் எளியது. பொது எர்த்தை வெள்ளை-பச்சை ஒயரிலிருந்து எடுத்து உடலில் கொடுத்துவிட்டு, இடங்காட்டும் விளக்கின் பாசிட்டிவ் ஒயரில் நூறு ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகச் சேர்த்தார்கள். ரெசிஸ்டர் என்பது மின்சாரத்துக்குத் தடை தந்து குறைக்கும் உறுப்பு. அதனால் சுவிட்சின் விளக்கு டிம்மரைப் பின்பற்றாவிட்டாலும், எப்போதும் மங்கலாகவே எரியும். பின்னாளில் இரண்டு விளக்குகளுக்கும் தனித்தனி எர்த் முனைகள் கொண்ட சுவிட்சுகள் கிடைத்தபோது, இடங்காட்டும் விளக்கின் எர்த்தை டிம்மருக்கும் நிலைகாட்டும் விளக்கின் எர்த்தை உடலுக்குமாகப் பிரித்துக் கொடுப்பதே பட்டறையின் முறையாயிற்று.

சுவிட்சின் வெளிச்சம் இவ்வளவு மங்கலாக இருக்க வேண்டுமா என்று கேட்ட இளைஞர்கள் பலர். வேண்டும் என்பதே கட்டுரையாளரின் உறுதியான எண்ணம். மனிதக் கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகிறது. அந்தப் பழக்கம் ஒரு பிரகாசமான புள்ளியைச் சற்று நேரம் பார்த்தாலே கலைந்துவிடும். விழித்திரையில் மங்கிய ஒளியைக் காணும் கோலணுக்கள் நீலத்துக்கும் பச்சைக்கும் மிகவும் கூர்மையானவை. சிவப்பை அநேகமாக உணர்வதே இல்லை. ஆகவே அம்பர் என்னும் செம்மஞ்சளும் சிவப்பும் கண்ணின் பழக்கத்தை அதிகம் குலைக்காமல் இருக்க, நீல விளக்கு அதை எளிதில் குலைக்கிறது. 1993இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யை உருவாக்கியதும், அதற்காக 2014இல் அவருக்கும் இசாமு அகாசாகிக்கும் ஹிரோஷி அமானோவுக்கும் நோபல் பரிசு கிடைத்ததும் மனித குலத்துக்கு வெளிச்சம் தந்த செய்திகள். வீட்டில் இன்று எரியும் வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் அதிலிருந்து வந்தவைதான். ஆனால் 2000க்குப் பிறகு துக்பாவின் உதிரிபாகக் கடைகளில் அழகுக்காகக் குவிந்த நீலச் சுவிட்சுகள் மணலுக்கு ஏற்றவையல்ல. ஐந்து நீலப் புள்ளிகள் முன்கண்ணாடியில் பிரதிபலித்து, தொலைவில் வேறொரு வண்டி நிற்பதுபோல் மயக்கம் தரும். கேட்டவர்களை வண்டியிலேயே உட்கார வைத்து, போர்வையைப் போர்த்தி, நீலத்தையும் அம்பரையும் மாற்றி மாற்றி எரியவிட்டுக் காட்டியபோது, பெரும்பாலோர் அம்பரையே எடுத்தார்கள்.

எல்.இ.டி. வந்ததில் மின்பணியாளருக்கு ஒரு பெரிய ஆறுதலும் உண்டு. அது ஒருவழிப் பாதை; மின்சாரத்தை ஒரு திசையில் மட்டுமே விடும். எனவே பின்பக்கமாகப் புகும் பழைய தொல்லை அதோடு ஒழிந்தது. அதற்கு ஈடாக இரண்டு புதிய கவலைகள் வந்தன: பாசிட்டிவும் எர்த்தும் மாறினால் அது எரியாது, எரிவதற்கு மிகமிகச் சிறிய மின்சாரமே போதும் என்பதால், எங்கோ ஈரத்தில் கசியும் அணுவளவு மின்சாரத்துக்கும் மினுக்கி, இல்லாத பழுதைக் காட்டும். சுவிட்சின் பின்னால் உள்ள முனைகளின் எண்களும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுவதால், எண்ணை நம்பாமல் ஒவ்வொரு முனையையும் குத்திப் பார்த்தே இணைக்க வேண்டியிருந்தது.

ஊரின் தட்பவெப்பமும் தன் பங்குக்குப் பாடம் நடத்தியது. கோடையில் நிழலிலேயே நாற்பத்தைந்து பாகையைத் தாண்டும் நாளில், மூடிய வண்டியின் டாஷ்போர்டு கை வைக்க முடியாதபடி கொதிக்கும். சாதாரண பி.வி.சி. டேப்பின் பசை உருகி வழிந்து, டேப் தானாகப் பிரிந்து, மூட்டுகள் வெளியே வந்துவிடும். ஆகவே துணி டேப்பும் நெளிவுக்குழாயும்தான் அங்கே பயன். பற்றவைத்த மூட்டும் நிலைப்பதில்லை. ஈயம் ஏறிய இடத்தில் ஒயர் விறைத்துவிடுவதால், வரிவரியாக அலைவிழுந்த மண்சாலையின் அதிர்வில் சரியாக அந்த விளிம்பில் இற்றுப்போகும். அதனால் செம்புமுனையை இடுக்கியால் நசுக்கிப் பிடிக்கும் கிரிம்ப் முறையையே காக்கா வற்புறுத்தினார். நசுக்கியபின் ஒவ்வொரு ஒயரையும் விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, மீன் தூண்டிலைச் சுண்டுவதுபோல் ஒருமுறை சுண்டிப் பார்ப்பார். கழன்று வந்தால் அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக வெட்டுவார், நீட்டிக் கட்டமாட்டார். எர்த் கொடுக்கும் இடத்தில் பெயிண்டைத் தகடு மின்னும்வரை சுரண்டி, போல்ட்டை இறுக்கி, அதன்மேல் கிரீஸைக் கனமாகப் பூசுவார். சப்காவின் உப்பும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்தால், பூசாத எர்த் ஒரே குளிர்காலத்தில் பச்சை பூத்துவிடும். எர்த் கெட்டால் முதலில் கோளாறு காட்டுவன இந்தச் சிறு விளக்குகளே.

காக்கா 2003இல் ஊர் திரும்பினார். டெஸ்ட் லேம்பைக் கட்டுரையாளரின் பெட்டியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வந்த ஆறு ஆண்டுகளில் பட்டறையிலிருந்து வெளியேறிய ஒவ்வொரு வண்டிக்கும் கடைசி வேலை ஒன்றுதான்: கண்ணாடிகள்மேல் போர்வை விரிக்கப்படும், டிம்மர் முழுவதும் தணிக்கப்படும், சுவிட்சுகள் ஐந்தும் போடப்பட்டு, பிறகு ஒவ்வொன்றாக அணைக்கப்படும். எஞ்சின் அறையில் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பையன் காதைச் சாய்த்து நிற்பான். ரிலே விடும்போது எழும் மெல்லிய ‘டக்’ என்ற ஓசையை அவன் உரக்க எண்ணுவான். ஐந்து என்று அவன் சொல்லும்வரை சாவி உரிமையாளரின் கைக்குப் போகாது.